அசல் எந்த ஊரில்?

காங்கயம் பக்கத்துத் தொழிற்பேட்டைக்கு ஆய்வு மையம் தரலாமா என்று மதிப்பிட வந்த அதிகாரி தணிகாசலம் உதட்டைப் பிதுக்கினார்.

“எல்லாப் பட்டறையிலும் ஒரே தேங்காய் உரிக்கும் மெஷின். எல்லாம் காப்பி! புதுசா யோசிக்க ஆளே இல்லை.”

டீ கொண்டுவந்த மயிலாத்தாளுக்குப் பொறுக்கவில்லை.

“காப்பின்னா அசல் எந்த ஊர்லீங்க சார் இருக்குது?”

அதிகாரி பட்டறை பட்டறையாக விசாரித்தார். மெஷினின் கத்தி அடுத்த பட்டறைக்காரரைப் பார்த்துச் செய்தது என்றார் ஒரு முதலாளி. அந்த அடுத்தவரோ, பெல்ட்டை இவரைப் பார்த்துத்தான் மாட்டினாராம். பேட்டைக்கு வெளியே யாரையும் எவரும் காட்டவில்லை.

“அப்போ கண்டுபிடித்தது யாரென்று எழுதுவது?” என்று திணறினார்.

“நீங்க மார்க் போட வந்தது பேட்டைக்குத்தானுங்களே?” என்றாள் மயிலாத்தாள்.

அதிகாரி சிரித்துவிட்டார். மையம் அங்கேயே வந்தது.