லானும் மூணு இங்கிலீஷ் பூதமும்

காலை நீட்டிப் படுத்துக்கோ. போர்வையை உதைக்காத. கதை சொல்றேன், ஆனா நீ "ம்" கொட்டணும். கொட்டலேன்னா நீ தூங்கிட்டேன்னு நெனச்சு பெரியம்மா எந்திரிச்சுப் போயிடுவேன், ஆமா.

"ம்."

ஒரு ஊர்ல ஒரு பொண்ணு இருந்தா. நம்ம ஊரு இல்ல, சீனாவுல, கடலோரத்துல. எந்தத் தெருவுல நின்னாலும் கருவாட்டு வாசனை அடிக்கும், அப்படி ஒரு ஊரு. அந்தப் பொண்ணு பேரு ருவோலான். வாய்க்குள்ள சுத்திச் சுத்தி வருதில்ல? நாம லான்னே கூப்பிடுவோம், அவ ஒண்ணும் கோச்சுக்க மாட்டா. ப்ளஸ் டூ மாதிரி பெரிய படிப்பு படிக்கிறா. கணக்குல கெட்டி, ஓட்டத்துல கெட்டி, மூக்கு மேல கோவம் வேற. ஆனா இங்கிலீஷ்னு சொல்லிட்டா போதும், திருதிருன்னு முழிப்பா.

அவ அப்பா கப்பல்ல வேலை பாக்கறவரு. பூமிக்கு அந்தப் பக்கத்துக் கடலுக்குப் போய் கணவா மீன் பிடிச்சுக்கிட்டு வர்ற பெரிய கப்பல். ஒரு தடவை போனா திரும்பி வர வருஷக்கணக்கா ஆகும். அப்படித்தான் போனாரு. மொதல்ல போன் வந்துச்சு. அப்புறம் போன் நின்னு போச்சு. அப்புறம் கப்பலையே காணோம்னாங்க. புயல்னாங்க, ஊ...ன்னு அடிச்சுதாம். தேடினாங்க. முழுகின தடமும் கிடைக்கல, மிதக்கற தடமும் கிடைக்கல. அம்மாவும் பொண்ணும் வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டா போதும், வெடுக்குன்னு நிமிர்ந்து பாப்பாங்க. கேக்கவே கஷ்டமா இருக்கில்ல? எனக்கும்தான். ஆனா பயப்படாத, இது அழுகைக் கதை இல்ல.

அப்போ பள்ளிக்கூடத்துல ஒரு பரீட்சை. எழுதற பரீட்சை இல்ல, பேசற பரீட்சை. வெளியூர்லேர்ந்து ஒரு அம்மா வந்து எதிர்ல உக்காந்து இங்கிலீஷ்ல கேள்வி கேப்பாங்க, இங்கிலீஷ்லயே பதில் சொல்லணும். லான் ஒரு தடவை போய், வாயே திறக்காம உக்காந்துட்டு வந்துட்டா. இன்னொரு தடவைதான் விடுவாங்க. அதுலயும் கோட்டை விட்டா மேல்படிப்பு கிடையாது. அம்மா மீன் கொட்டகையில எறா உரிக்கிறவ. "நீயாவது இந்த நாத்தத்துலேர்ந்து வெளிய போடீ"ன்னு சொல்லிச் சொல்லிப் படிக்க வெச்சவ.

"ம்."

அந்த இங்கிலீஷுக்கு வாசல்ல மூணு பூதம் காவல். ஒவ்வொண்ணையும் தாண்டினாத்தான் உள்ள போகலாம்.

மொதல் பூதம் ஸ்ஸ்ஸ்-பூதம். ஒரு பூனைன்னா கேட். ரெண்டு பூனை வந்துச்சோ, கேட்ஸ்ஸ்னு பாம்பு மாதிரி சீறணும். லானோட பாஷையில அதெல்லாம் கிடையாது. ஒண்ணும் பூனைதான், நூறும் பூனைதான். நாம மட்டும் என்ன? "ரெண்டு பூனைகள் வந்தன"ன்னு வீட்டுல யாராவது பேசுவாங்களா? "ரெண்டு பூனை வந்துச்சு", அவ்ளோதான். லான் சீற மறந்து மறந்து மார்க்கு போச்சு. அப்புறம் ரோஷம் வந்து எதைப் பாத்தாலும் சீற ஆரம்பிச்சா. டாக்ஸ்ஸ். எக்ஸ்ஸ். ஷீப்ஸ்ஸ். "அடியே, ஆட்டுக்குச் சீறக் கூடாது, ஷீப் எத்தனை நின்னாலும் ஷீப்தான்"னு யாராவது சொன்னா, "அந்த ஆடு மட்டும் என்ன இங்கிலீஷ்காரனுக்கு மாமனா மச்சானா?"ன்னு கேட்டா. கேட்டாலும் விடல. எறாக் கூடையை எண்ணிக்கிட்டே, தெருவுல போற சைக்கிளை எண்ணிக்கிட்டே சீறிச் சீறிப் பழகிட்டா. மொதல் பூதம் தொப்புன்னு விழுந்துச்சு.

ரெண்டாவது பூதம் ஹீ-ஷீ பூதம். இது பொல்லாதது. லானோட பாஷையில அவன்னாலும் "தா", அவள்னாலும் "தா", அதுன்னாலும் "தா". அப்பாவும் தா, அம்மாவும் தா, அடுப்புல கொதிக்கற குழம்பும் தா. அவங்களுக்கு அதுல ஒரு குழப்பமும் கிடையாது. இங்கிலீஷுல ஆம்பளைக்கு ஹீ, பொம்பளைக்கு ஷீ. வகுப்புல எந்திரிச்சு நின்னு லான் கணீர்னு சொன்னா: "மை மதர் ஈஸ் குட். ஹீ ஈஸ் பியூட்டிஃபுல்." என் அம்மா நல்லவ, அவரு அழகாயிருக்காருன்னு! வகுப்பே கொல்லுன்னு சிரிச்சுது. சிரிச்சதும் தப்பு, அவங்கள்ல பாதிப் பேரு அதையேதான் சொல்வாங்க.

"ம்... ஹி ஹி."

சிரி, சிரி. அப்போ லான் என்ன பண்ணா தெரியுமா? ஷீன்னு சொல்றப்பல்லாம் தன் ஜடையைப் புடிச்சு ஒரு இழு இழுத்தா. ஹீன்னு சொல்றப்போ கையைப் பின்னாடி கட்டிக்கிட்டா. ஷீ, வெடுக்! ஷீ, வெடுக்! மண்டைத்தோலே வலிச்சிருக்கும் பாவம். ஆனா ரெண்டாவது பூதமும் தொப்புன்னு விழுந்துச்சு.

மூணாவது பூதம் இருக்கே, அது சத்தமே போடல. சின்னதாக் குந்திக்கிட்டு இருந்துச்சு. அது பேரு ஈஸ்-வாஸ் பூதம். இருக்கறவங்களுக்கு ஈஸ், இருந்தவங்களுக்கு வாஸ். லானோட பாஷையில அந்த ரெண்டுக்கும் ஒரே வார்த்தை. நாமளும் "எங்க தாத்தா வாத்தியாரு"ன்னு சொன்னா, தாத்தா இருக்காரா போயிட்டாரான்னு கேக்கறவங்களுக்குத் தெரியாதில்ல? சொல்ல வேண்டிய அவசியமும் இல்ல. இங்கிலீஷு மட்டும் விடாது. வாயைத் திறந்த உடனே கழுத்துல துண்டைப் போட்டுக் கேக்கும்: இருக்காரா, இல்லையா?

கௌ வாத்தியார்னு ஒருத்தர் பாடம் எடுத்தாரு. நல்ல மனுஷன், ஆனா அவசரக்காரர். "இந்தத் தடவை 'உன் அப்பா'ன்னு கேக்கறதுக்கு வாய்ப்பு இருக்கு, பேசிப் பழகு"ன்னாரு.

லான் எந்திரிச்சா. "மை ஃபாதர்..."

நின்னுட்டா.

"மை ஃபாதர் ஈஸ் எ செய்லர்"னு மெதுவாச் சொன்னா. என் அப்பா கப்பல்காரர்.

"சரி. வேர் ஈஸ் ஹீ நவ்?"ன்னாரு வாத்தியார். இப்போ எங்க இருக்காரு?

என்ன சொல்லுவா? அவளுக்குத் தெரிஞ்சாத்தானே?

வாத்தியாருக்குச் சங்கடமாப் போச்சு. பக்கத்துல கூப்பிட்டு மெல்லச் சொன்னாரு: "லான், எனக்குத் தெரியும்மா. ஆனா பரீட்சையில ஈஸ்னா ஈஸ், வாஸ்னா வாஸ். ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால்னு நின்னா மார்க்கு போயிடும். வாஸ்னு சொல்லிட்டா அடுத்த கேள்வி வராது. யோசி."

அவ யோசிக்காம இருந்தாளா? வீட்டுக்குப் போற வழி பூரா அதே யோசனைதான். ஈஸ்னு சொன்னா எங்கன்னு கேக்கறாங்க. வாஸ்னு சொன்னா, சின்ன வார்த்தைதான், பல்லு கூடப் படாது. ஆனா அதைச் சொல்லிட்டா அப்பாவை நானே என் வாயால அனுப்பி வெச்ச மாதிரி ஆயிடுமே. மார்க்குக்காக அதைச் செய்வேனா?

"ம்."

அப்புறம் அவங்க புது வருஷம் வந்துச்சு. பட்டாசு படபடபடன்னு வெடிக்குது. வீட்டுல எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடணும். யாராவது வெளியூர்ல இருந்தா அவங்களுக்கும் ஒரு கிண்ணம், சாப்பிடற குச்சி ரெண்டு வெப்பாங்க. அம்மா அப்பாவுக்குச் சோறு போட்டு, குச்சியைப் பக்கத்துல படுக்க வெச்சா. அப்பாவோட அக்கா, லானுக்கு அத்தை, அவங்களும் வந்திருந்தாங்க. கிண்ணத்தையே பாத்துக்கிட்டு இருந்தவங்க கண்ணைத் தொடச்சுக்கிட்டு, குச்சியை எடுத்துச் சோத்துல சதக்குன்னு நட்டு வெச்சாங்க.

அய்யோ, அங்க அப்படி நட்டு வெச்சா செத்தவங்களுக்குப் படைக்கறதுன்னு அர்த்தம்.

லான் பாய்ஞ்சு போய்க் குச்சியை விருட்டுன்னு புடுங்கிட்டா. "நடாதீங்க அத்தை!"

"அவன் எனக்குத் தம்பிடீ. எனக்கு மட்டும் ஆசையா?"ன்னு அத்தை ஓன்னு அழுதுட்டாங்க. "எத்தனை நாளைக்கு இப்படி? அப்போ நீயே சொல்லு. உங்க அப்பன் இருக்கானா, இல்லையா?"

பாத்தியா, அதே பூதம். இங்கிலீஷ்லேர்ந்து இறங்கி வீட்டுக்குள்ளேயே வந்து உக்காந்துக்கிச்சு. அம்மா குச்சியை வாங்கித் தொடச்சு, மறுபடி படுக்க வெச்சா.

தூங்கிட்டியா?

"ம்ஹூம். அப்புறம்?"

அப்புறம் பரீட்சை நெருங்கிடுச்சு. கேட்டுப் பழகறதுக்குன்னு பள்ளிக்கூடத்துல ஒலிப்பாடம் குடுத்திருந்தாங்க. ஒருநாள் சாயங்காலம் லான் காதுல மாட்டிக்கிட்டு, கொட்டகையில அம்மா பக்கத்துல உக்காந்து எறா உரிக்கிறா. சரக், சரக்குன்னு கை வேலை பாக்குது, காதுல ஒரு ஆணும் பொண்ணும் பேசிக்கறாங்க. பஸ் ஸ்டாப்பு. அந்தப் பொண்ணு கேக்கறா, பஸ் வந்துடுச்சா? அவன் சொல்றான்: "நாட் யெட்." கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொருத்தர் வந்து கேக்கறாரு. அதுக்கும் "நாட் யெட்."

சும்மா மனப்பாடம் பண்ணிட்டுத் தாண்டிப் போயிருக்க வேண்டிய வார்த்தை. லானோட கை நின்னு போச்சு. திருப்பிப் போட்டுக் கேட்டா. மறுபடியும் கேட்டா.

இந்த ஆளு பஸ் வந்துச்சுன்னும் சொல்லல, வராதுன்னும் சொல்லல. வராதுன்னு முடிவு பண்ணியிருந்தா அங்க ஏன் நிக்கறான்? நடையைக் கட்டியிருப்பானே! நிக்கறவன்தான் இந்த வார்த்தையைச் சொல்றான்.

அப்போ பாத்து மீன் வண்டிக்காரம்மா கொட்டகைக்குள்ள தலையை நீட்டி, எப்பவும் கேக்கற மாதிரி, "உங்க வீட்டுக்காரரு வந்தாச்சா?"ன்னு கேட்டாங்க. அம்மா தலையை நிமிர்த்தாம, எப்பவும் சொல்ற மாதிரி, "ஹாய் மெய்"னா. அவங்க பாஷையில இன்னும் வரலன்னு அர்த்தம்.

லானுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துடுச்சு. அட, நம்ம அம்மா தினம் சொல்ற வார்த்தை! இது இங்கிலீஷ்லயும் இருக்கா! கையில எறாவோட துள்ளி எந்திரிச்சுட்டா, கூடை கவுந்து எறாவெல்லாம் சலசலன்னு தரையில. அம்மா வெச்சா பாரு திட்டு, அப்படி ஒரு திட்டு!

"ம்."

பரீட்சை நாள். வெளியூர் அம்மா கண்ணாடி போட்டுக்கிட்டு, குடுவையிலேர்ந்து வெந்நி ஊத்திக் குடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. லான் மடமடன்னு பதில் சொல்றா. பூனைக்குச் சீறினா, ஆட்டுக்குச் சீறல. ஷீக்கு ஜடையை இழுக்கவே இல்ல. அப்புறம் வந்துச்சு கேள்வி. உன் அப்பாவைப் பத்திச் சொல்லு.

"மை ஃபாதர் ஈஸ் எ செய்லர்."

"வேர் ஈஸ் ஹீ நவ்?"

லான் முதுகை நிமிர்த்தி உக்காந்தா. "ஹீ ஹேஸ் நாட் கம் பேக் யெட்." அவரு இன்னும் திரும்பி வரல.

அந்த அம்மா எழுதிக்கிட்டு இருந்த பேனா நின்னுச்சு. கண்ணாடிக்கு மேல அவளைப் பாத்தாங்க. கடலோர ஊருக்குப் பரீட்சை வெக்க வர்றவங்களுக்கு அது புரியாமலா போகும்? அப்புறம் ரொம்ப மெதுவா ஒண்ணு கேட்டாங்க. வந்தாருன்னா என்ன சொல்வேன்னு கேக்கல. கவனி. "வென் ஹீ கம்ஸ் பேக்"ன்னு கேட்டாங்க. வர்றப்போ என்ன சொல்வே?

லான் யோசிக்கவே இல்ல. "ஐ ஆம் டாலர் தேன் யூ நவ்"னா. இப்போ நான் உங்களை விட ஒசரம்ப்பா!

அந்த அம்மாவுக்குச் சிரிப்பும் வந்துச்சு, கண்ணும் கலங்கிச்சு. மூணாவது பூதம் என்ன ஆச்சுன்னு கேக்கறியா? அது எந்திரிச்சு வழி விட்டு நின்னுச்சு. லான் தேறிட்டா.

வீட்டு வாசல்ல அம்மா காத்துக்கிட்டு நின்னா. மார்க்கு எவ்வளவுன்னு கேக்கல. "அப்பாவைப் பத்திக் கேட்டாங்களா?"ன்னா.

"கேட்டாங்கம்மா."

"என்னடீ சொன்னே?"

காலையிலேர்ந்து லானோட அம்மா பயந்துக்கிட்டு இருந்தது அதுக்குத்தான். பொண்ணு பரீட்சைக்காக அவரை இல்லேன்னு சொல்லிட்டு வந்துடுவாளோன்னு.

"நீ சொல்றதைத்தான்மா சொன்னேன். ஹாய் மெய். அவங்க அதுக்கு யெட்டுங்கறாங்க."

அம்மா "யெட், யெட்"னு ரெண்டு தடவை சொல்லிப் பாத்தா. அப்புறம் பொண்ணை இழுத்து நெஞ்சோட கட்டிக்கிட்டுச் சொன்னா: "அப்போ இங்கிலீஷ்காரங்களுக்கும் காத்திருக்கத் தெரியும்னு சொல்லு."

"..."

என்னடா செல்லம், கண்ணு சொருகுது, வாயி மட்டும் என்னமோ முணுமுணுக்குது?

"பெரியம்மா... அவ அப்பா?"

நீயே சொல்லு. அவ அப்பா வந்தாரா, வரலையா?

"...இன்னும் வரல."

என் ராஜா. அப்படித்தான் சொல்லணும்.

கதை படுத்துடுச்சு, நீயும் படு.