வெல்லம் போட்ட பெனடிக்‌ஷன்

மில் திறப்பு விழாவில் முதலில் பெனடிக்‌ஷன் வேண்டும் என்று, திறந்துவைக்க வரவிருந்த வெள்ளைக்காரத் துரை சொல்லியனுப்பினார். மில் சொந்தக்காரரான மிராசுதார் சிங்காரவேலருக்கு அந்தச் சொல் விளங்கவில்லை. யாரிடமாவது கேட்டால் கௌரவக் குறைச்சல். சமையற்காரி பவுனம்மாளைக் கூப்பிட்டார்.

"நூறு பேருக்குப் பெனடிக்‌ஷன் செய். இல்லேன்னா வேலை போச்சு."

"உப்புப் போட்டதுங்களா, வெல்லம் போட்டதுங்களா?"

"வெல்லம்தான். நெய்யும் தாராளமா விடு."

பவுனம்மாள் துரையின் பட்லரிடம் விசாரித்தாள். ஆசீர்வாதம் என்றான் அவன்.

விழாவன்று அவள் மில் கட்டிய கூலியாட்களை உட்காரவைத்து, வயிறாரச் சர்க்கரைப் பொங்கல் பரிமாறினாள்.

"பெனடிக்‌ஷன் எங்கே?" என்று பதறினார் மிராசுதார்.

"வெல்லமும் நெய்யும் உள்ளே போயிருக்குங்க. இப்ப அவங்க வாயிலேருந்து வரும்."

கூலியாட்கள் எழுந்து, "மில்லு நல்லா ஓடணும், மகராசனா இருங்க" என்று மனசார வாழ்த்தினார்கள்.

துரை நெகிழ்ந்துபோய், "உங்கள் யோசனையா?" என்று மிராசுதாரின் கையைக் குலுக்கினார்.

"எங்க வழக்கம்தாங்க, வருஷா வருஷம் கூலியாட்களுக்குப் பொங்கல் போடுவோம்" என்று சொல்லி மாட்டிக்கொண்டார் மிராசுதார்.