ஆவி படிந்த கண்ணாடி

“வாட்ஸ்அப்புல பத்திரிகை அனுப்பினா, அதுக்குப் பேரு அழைப்பாம்மா?”

காலையிலிருந்து மூக்காண்டி இதையேதான் கேட்கிறார்.

பக்கத்து இருக்கையில் அவருடைய குரு பூரணியம்மா உட்கார்ந்திருந்தார். குருவுக்கு நாற்பது வயது, சீடருக்கு அறுபது. கார் சீடருடையது. வெளியே தென்காசிச் சாலையில் மழை ஊற்றிக்கொண்டிருந்தது.

“கூடப் பிறந்த தங்கச்சி. பொண்ணுக்குத் தாய்மாமன் நான். வெத்தலை பாக்கோட வீட்டுப்படி ஏறி வந்து கூப்பிட வேண்டாமா? நான் போகமாட்டேன்.”

“போகாதீங்க.”

அவருக்கு இன்னும் கோபம் வந்தது.

“மாலை எடுத்துக் குடுக்க வேற ஆளைப் பாக்கட்டும்!”

முகூர்த்தம் பத்தரைக்கு. பூரணியம்மாவை அவர் ஊரில் கொண்டுபோய் விடவேண்டிய கார், மண்டபம் இருக்கிற சாலையிலேயே போவதும் திரும்புவதுமாக இருந்தது. வீம்பெல்லாம் வாயில்தான். ஸ்டியரிங்குக்கு அது தெரியவில்லை.

பேசப் பேசக் கண்ணாடியில் ஆவி படிந்தது. துண்டால் துடைத்தார், இழுவிக்கொண்டது. வைப்பரை வேகமாக்கினார். பக்கவாட்டுக் கண்ணாடியில் பின்னால் வருகிற பஸ்கூடத் தெரியவில்லை.

“சனியன் பிடிச்ச மழை! ரோடே தெரியலம்மா.”

“வைப்பர் ஏன் அண்ணாச்சி இப்படிக் கத்துது?”

வெளிப்பக்கம் காய்ந்திருந்த கண்ணாடியை அது கிறீச் கிறீச்சென்று சுரண்டிக்கொண்டிருந்தது.

மூக்காண்டி காரை ஓரங்கட்டினார்.

“கண்ணாடியை இறக்குங்க.”

“நனைஞ்சிருவோம்மா.”

“நனைவோம்.”

இறக்கினார். காற்று வந்தது. இளவெயிலும் வந்தது. மழை எப்போதோ விட்டிருந்தது.

எதிரே கல்யாண மண்டபம். அதன் வாசலில் தங்கச்சி செண்பகம் நின்றிருந்தாள். பட்டுப்புடவை தொப்பலாக நனைந்திருந்தது. போகிற கார்களுக்குள் எல்லாம் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவரைக் கண்டதும் ஓடி வந்தாள்.

“அண்ணே! போகையிலயும் வரையிலயும் கையைக் காட்டுதேன். நிக்காமப் போறியே!”

மூக்காண்டி அழுதுவிடுவார் போலிருந்தது. அழுதும் விட்டார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு குருவின் பக்கம் திரும்பினார்.

“அம்மா, நான் இறங்கிட்டா உங்களை யாரு கொண்டுபோய் விடுவா?”

இருக்கை காலியாக இருந்தது. பூரணியம்மா பாதிச் சாலையைக் கடந்திருந்தார்.

“தாய்மாமன் வராமத் தாலி ஏறாது. தாலி ஏறாமப் பந்தி போடமாட்டாங்க. எனக்குப் பசிக்குது அண்ணாச்சி, சீக்கிரம் வாங்க!”