இயக்கியின் வலப்பக்கம்

"ஊர்ப் பொம்பளைங்க யாரும் அம்மன்கிட்டவே வரமாட்டேங்கறாங்கம்மா. நான் என்ன தப்பு செஞ்சேன்?"

ஜெயபால நயினார் குன்றேறி வந்ததும் கேட்ட கேள்வி இதுதான். மூச்சு வாங்கக்கூட நிற்கவில்லை.

அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. சிலை செதுக்குவதிலும் பழங்காசு படிப்பதிலும் சுற்றுவட்டாரத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. அது அவருக்கும் தெரியும்.

கேள்வியை வாங்கிக்கொண்டவர் குன்றில் தவமிருக்கும் சமணத் துறவி. பழைய வழக்கப்படி ஊர் அவரைக் குரத்தி என்றது. நயினாரின் மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் அவரிடம் பாடம் கேட்கத்தான் நயினார் வாராவாரம் படியேறினார்.

"உட்காருங்க. என்ன நடந்துச்சு?"

அடிவாரத்தில் ஓர் இயக்கி அம்மன் சிலை. எந்தக் காலத்திலோ இரண்டு கையும் முழங்கையோடு போய்விட்டன. வலது தொடையில் மட்டும் எலுமிச்சை அளவில் ஒரு புடைப்பு.

பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் தாய்மார்கள் அந்தப் புடைப்பில் விளக்கெண்ணெய் தடவுவார்கள். விரலில் ஒட்டியதைப் பிள்ளையின் நெற்றியில் இடுவார்கள். அது என்னவென்று அவர்களுக்கும் தெரியாது. கேட்டதும் இல்லை.

அம்மனுக்குக் கை வைத்துக் கொடுங்கள் என்று ஊர் கேட்டது. நயினார் ஒப்புக்கொண்டார்.

"நான் மனசுபோன போக்குல செய்யலம்மா. கண்ணால காண்பதும் பொய், காதால கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய். தீர விசாரிச்சேன்."

சாட்சியை மடியிலிருந்து எடுத்தார். ஒரு வெள்ளிக்காசு. சிலை முழுசாக இருந்த நாளில் அடித்தது. அதே இடுப்பு வளைவு, அதே கொண்டை, அதே ஒட்டியாணம். அம்மனின் இடப்பக்கம் ஒரு குழந்தை. வலக்கையில் பூ.

"இதுல இருக்கறபடியே இடப்பக்கம் குழந்தையைச் செஞ்சு நிறுத்தினேன். வலக்கையில பூவைக் குடுத்தேன்."

"வலது தொடையில இருந்தது?"

"காசுல அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்லம்மா. கல்லுல விட்டுப்போன பிசிறுதானே. உளி வெச்சுத் தட்டி எடுத்துட்டு உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுட்டேன்."

நயினார் மேலே சொல்லிக்கொண்டு போனார்.

"நேத்து ஒரு பொண்ணு காய்ச்சக்காரப் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வந்துச்சு. எண்ணெய்க் கிண்ணத்தோட அப்படியே நின்னுச்சு. எங்க வெக்கறதுன்னு கேட்டுச்சு. புதுக் குழந்தையைக் காட்டினேன். புரியட்டும்னு காசையும் காட்டினேன். பேசாம திரும்பிப் போயிடுச்சு."

காசை வைத்துக்கொண்டு அந்தப் பெண் என்ன செய்வாள், பாவம்.

துறவிகள் காசைத் தொடமாட்டார்கள். குரத்தி குனிந்து அதைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"அதை உங்க முன்கையில வெச்சு அழுத்துங்க."

"எதுக்கும்மா?"

"அழுத்துங்க."

அழுத்தினார்.

"இன்னும்."

வலிக்கும்வரை அழுத்தினார்.

எடுத்தபோது, சிவந்த தோலில் இயக்கி பள்ளமாகப் பதிந்திருந்தாள். குழந்தை அவளுக்கு வலப்பக்கம் நின்றது. பூ இடக்கையில் இருந்தது.

நயினாருக்குத் தொழில் தெரியும். யாரும் விளக்கவேண்டியதில்லை. அச்சு வெட்டியவன் சிலைக்கு எதிரே உட்கார்ந்து, கண்ணில் பட்டபடியே அச்சில் வெட்டியிருக்கிறான். அந்த அச்சில் அடித்த காசில் இடம் வலமாகிவிட்டது.

பழங்காசு படிக்கிறவன் முதலில் பார்க்கவேண்டியது அதைத்தான். எத்தனையோ காசில் அவர் பார்த்திருக்கிறார். இதில் பார்க்கவில்லை. ஒட்டியாணம்வரை பொருந்திப்போன சந்தோஷத்தில் புத்தி அங்கே போகவில்லை.

"பிள்ளையார் பிடிக்கக் குரங்கா முடிஞ்சிடுச்சேம்மா."

நயினார் மறுபடி முன்கையைப் பார்த்தார்.

"குழந்தை அந்தப் பக்கம்தான் நின்னிருக்கு. அது ஒடைஞ்சு போனப்புறம் மிச்சமா ஒட்டிக்கிட்டிருந்தது அந்தப் புடைப்பு ஒண்ணுதான்." விரலால் அந்தப் பள்ளத்தைத் தொட்டார். "அதையும் எடுத்துட்டேன்."

"எடுத்தது எங்கே?"

"பொடியாப் போச்சும்மா. பெருக்கித் தள்ளிட்டேன்."

நயினார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"திருத்திடறேன்மா. பூவை இடக்கைக்கு மாத்திடறேன். குழந்தையை இந்தப் பக்கம் கொண்டாந்து, தொடையில இருந்த அதோட கையையும் செஞ்சு ஒட்டிடறேன். அச்சு அசலா அப்படியே இருக்கும்."

"காசுல குழந்தையே எள்ளளவுதான் இருக்கு. அதோட கை எங்கே தெரியுது? எதைப் பார்த்துச் செய்வீங்க?"

"எதையும் பார்க்கவேணாம்மா. எனக்குத் தெரியும்."

"எப்படி?"

நயினார் முன்கையைத் துண்டால் மூடிக்கொண்டார். அவரால் குரத்தியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"காசு கைக்கு வர்றதுக்கு முன்னாடியே அந்தப் புடைப்பைத் தடவிப் பார்த்தேன். நாலு விரல். தாயோட கொசுவத்தைப் பிடிச்சுக்கிட்டிருந்துச்சு."