குண்டுக்கரிச்சான் வாயை மூடிய கதை

பங்குனிக் கடைசியில் ஆவாரங்காட்டுக் குளம் வற்றி ஒரு குட்டையாகிவிட்டது. எருமை, முயல், கீரி, ஓணான் எல்லோருமே தண்ணீருக்கு அந்த ஒரே குட்டைக்குத்தான் வர வேண்டியிருந்தது. வந்தார்கள். வந்தவர்கள் குடித்துவிட்டுப் பேசாமல் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை.

போகவில்லை. உட்கார்ந்து பாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

காட்டில் கேசட் கிடையாது, கைபேசி கிடையாது. ஒரு பருவம் முழுக்க ஒரு பாடகர் பாடியதெல்லாம் சேர்ந்தால் அதுதான் ஓர் ஆல்பம். சித்திரை பிறப்பதற்கு முன் அந்த வருஷத்தின் சிறந்த ஆல்பம் எது என்று தீர்மானிப்பது அங்கே வழக்கம். யார் இந்த வழக்கத்தை ஆரம்பித்தார்களோ தெரியாது. தெரிந்தால் நேரில் போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருவேன். தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்த நால்வரில் ஒருவருக்கும் பாட வராது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

"இந்த வருஷம் ஐப்பசித் தவளைகள்தான்," என்று எருமை ஆரம்பித்தது. எல்லோரிலும் பெரியது அதுதான், அதனால் தலைமையும் அதுவே. "முதல் மழைக்கு எடுத்தாங்க, கார்த்திகை வரைக்கும் விடல. நான் கழுத்தளவு தண்ணியில கிடந்து முழுசாக் கேட்டேன். ஆல்பம்னா முழுசாக் கேக்கணும். நடுவுல எழுந்து ஓடுறவங்களுக்கு அது புரியாது."

நடுவில் எழுந்து ஓடுவது யார் என்று எல்லோருக்கும் தெரியும். முயலுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"ஊரே சேர்ந்து கத்துறதுக்குப் பேரு ஆல்பமா எருமையக்கா? குண்டுக்கரிச்சான் அண்ணன் பாடினதைக் கேட்டீங்களா? இன்னைக்குப் பாடினதை நாளைக்குப் பாட மாட்டார். சீட்டியில ஆரம்பிச்சு, மேல ஏறி, அங்கேயே நின்னு, மெல்ல இறங்குவார். கேட்டதும் என் காது ரெண்டும் விறைச்சு நின்னுடுச்சு."

"உன் காது எப்பவும் அப்படித்தான் நிக்கும்," என்றது கீரி. "கரிச்சானை எல்லாரும் கேட்டாச்சு. எல்லாரும் கேட்டதுல என்ன இருக்கு? தை மாசம் பாழுங்கிணத்துக்குள்ள ஒரு தனித் தவளை பாடுச்சு. அந்தக் குரல்ல இருந்த சோகம் இருக்கே, அப்பப்பா. அதைக் கேட்டது நான் ஒருத்தன்தான்."

"அப்படியா? கூப்பிடு, நாங்களும் கேக்குறோம்," என்றது எருமை.

"இனிமே அது பாடாது."

"ஏன்?"

கீரி மீசையைத் துடைத்துக்கொண்டது.

ஓணான் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. ஓணானுக்கு அது பிறவிப் பழக்கம், அதற்கு ஓர் அர்த்தமும் கிடையாது. ஆனால் எருமை அதைப் பார்த்து, "ஓணான் என் பக்கம்" என்றது. முயல் பார்த்தபோதும் ஓணான் ஆட்டியது. கீரி பார்த்தபோதும் ஆட்டியது. எத்தனை தடவை வாக்கெடுத்தாலும் மூன்று பேருக்கும் சமமாகவே வந்தது. "ஓணானே, வாயைத் திறந்து சொல்லேன்" என்று கேட்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மறுபடி முதலிலிருந்து பேசினார்கள்.

அப்போது குளக்கரை நாவல் மரத்தின் உச்சியில் குண்டுக்கரிச்சான் பாட ஆரம்பித்தது. கறுப்பும் வெள்ளையுமாகக் கையடக்கப் பறவை. வாலை நிமிர்த்திக்கொண்டு அது குரலெடுத்தால் போகிறவன் நின்றுவிடுவான்.

"அய்யய்யோ, நிறுத்தச் சொல்லு," என்று எருமை பதறியது. "இப்பப் பாடுறதை எந்த வருஷத்துல சேக்குறது? முடியற வருஷத்துலயா, வர்ற வருஷத்துலயா? குழப்பமாயிடும். தீர்ப்பு வர்ற வரைக்கும் போட்டியில இருக்கிறவங்க யாரும் வாயைத் திறக்கக் கூடாது."

மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். பாட்டுப் பிரியர்கள் நாலு பேர் கூடி, நடந்துகொண்டிருக்கிற பாட்டை நிறுத்தச் சொல்கிறார்கள். இவர்களை என்ன செய்வது?

தவளைகளுக்கு இந்தச் சட்டத்தால் நஷ்டமில்லை. அவை சேற்றுக்குள் தூங்கிக்கொண்டிருந்தன. குயிலிடமும் போய்ச் சொன்னார்கள். அது காதில் வாங்காமல் அதுபாட்டுக்குக் கூவிக்கொண்டிருந்தது. கரிச்சானிடம் சொல்ல முயலே ஓடியது.

"அண்ணே, நிறுத்துங்க. நீங்கதான் முதல் இடத்துக்கு வரப்போறீங்க. தீர்ப்பு வர்ற வரைக்கும் மட்டும் பாடாதீங்க."

"முதல் இடமா? எனக்கா?" கரிச்சானுக்குத் தலைகால் புரியவில்லை. "யார் யார் சொன்னாங்க? எந்தப் பாட்டைச் சொன்னாங்க? எருமை என்ன சொல்லுச்சு?"

"வந்து நீங்களே கேளுங்க."

கரிச்சான் பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு இறங்கி, குட்டைக்குப் பக்கத்தில் ஒரு பட்ட மரத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. தன்னைப் பற்றி நாலு பேர் பேசுவதைக் கேட்பதில் அதற்கு அப்படி ஓர் ஆசை. அன்று முழுக்க அங்கேயே இருந்தது. மறுநாள் விடிந்ததும் பாடாமல் அங்கேயே போய் உட்கார்ந்தது.

இதில் ஒரு விஷயம் இருக்கிறது. அந்தக் காட்டில் வீட்டுக்குக் கதவு இல்லை, பெயர்ப்பலகை இல்லை. விடியும்போது மரத்தின் உச்சியிலிருந்து பாட்டு வந்தால் அந்த மரத்துப் பொந்துக்கு ஆள் இருக்கிறது என்று அர்த்தம். பாட்டு வராவிட்டால் வீடு காலி. யார் வேண்டுமானாலும் குடிபுகலாம். கரிச்சான் இத்தனை காலம் பாடியதெல்லாம் அதற்காகத்தான். எருமையின் பாராட்டுக்காக இல்லை.

நாவல் மரத்துப் பொந்தில் கரிச்சானின் மனைவி சாம்பலி இருந்தது. உடம்பெல்லாம் சாம்பல் நிறம், அதனால் அந்தப் பெயர். வயிற்றில் முட்டை. இன்றோ நாளையோ இட்டாக வேண்டும். வேரும் நாரும் காய்ந்த புல்லும் தேடித் தேடிக் கொண்டுவந்து பொந்துக்குள் மெத்தை போட்டு வைத்திருந்தது.

விடிந்தது, பாட்டு வரவில்லை. வீடு தேடி அலைந்துகொண்டிருந்த ஒரு மைனா ஜோடி வந்து பொந்தை எட்டிப் பார்த்தது.

"என்னங்க, நல்ல பொந்தா இருக்கு," என்றது பெண் மைனா. "வாசல் கிழக்கே பார்த்திருக்கு."

"ஆள் இருக்கு," என்றது சாம்பலி உள்ளிருந்து.

"ஆள் இருந்தா விடியக்காலம் பாட்டு கேட்டிருக்குமேம்மா," என்றது ஆண் மைனா. அதன் குரலில் மரியாதை இருந்தது, ஆனால் ஒரு கால் பொந்துக்குள் இருந்தது. "நேத்தும் பாதியில நின்னுபோச்சு, இன்னைக்கும் இல்ல. நீங்களும் எங்களை மாதிரி வீடு பாக்க வந்தவங்களா இருக்கும். நாங்க ரெண்டு பேர் இருக்கோம், பாத்துக்குங்க."

மைனா கரிச்சானைவிடப் பெரியது. இரண்டு மைனாவை வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்தி என்ன செய்ய முடியும்? சாம்பலி பறந்து குட்டைக்குப் போனது.

"என்னங்க, மைனா வந்து வாசல்ல நிக்குது. வந்து ஒரு பாட்டுப் பாடுங்க. ஒண்ணே ஒண்ணு போதும்."

"உஷ்," என்றது கரிச்சான். "இப்பதான் என் மூணாவது பாட்டைப் பத்திப் பேசுறாங்க."

"வீடு போயிடும்ங்க."

"இப்பப் போய்ப் பாடினா எல்லாம் கெட்டுடும் சாம்பலி. கொஞ்சம் பொறு. முதல் இடம் வந்துட்டா என் பேரைக் கேட்டாலே மைனா ஓடிப்போயிடும்."

சாம்பலி புருஷன் முகத்தையே பார்த்தது. கரிச்சான் அப்போதும் கீரி என்ன சொல்கிறது என்று ஒரு பக்கமாகக் காதை வைத்துக்கொண்டிருந்தது. சாம்பலிக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

கீரி என்ன சொல்லிக்கொண்டிருந்தது தெரியுமா? "கரிச்சான் மாசியில பாடினது பரவாயில்ல. பங்குனியில பாடினது ஜனங்களுக்காகப் பாடினது." எந்த ஜனங்கள் என்று கீரியும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. ஓணான் தலையாட்டியது.

சாம்பலி மரத்துக்குத் திரும்பியபோது பொந்திலிருந்து நாரும் வேரும் பறந்து வந்து விழுந்துகொண்டிருந்தன. ஆண் மைனா மெத்தையைப் பிய்த்து வெளியே எறிந்துகொண்டிருந்தது. பெண் மைனா வாயில் வைக்கோலோடு வாசலில் காத்திருந்தது. முட்டையிடப் போகிறவளுக்கு இனி வேறு பொந்து தேட நேரமில்லை. தரையில் இட்டால் அடுத்த நிமிஷம் பாம்புக்குத்தான்.

சாம்பலி உச்சிக் கிளைக்குப் போய் நின்றது. ஒரு தடவை கீழே பார்த்தது. பிறகு வாயைத் திறந்து பாடியது.

உண்மையைச் சொல்கிறேன், கேட்கச் சகிக்கவில்லை. அது பாடிப் பழகிய தொண்டை இல்லை. புருஷன் பாடக் கேட்ட பாட்டைத்தான் எடுத்தது. முதல் அடி வந்தது. ஏறுகிற இடத்தில் குரல் கீச்சென்று உடைந்தது. நடுவில் மறந்துபோனது. மறந்த இடத்தில் நிறுத்தினால் மைனா சிரிக்கும் என்று மனசில் இருந்ததையெல்லாம் போட்டு நிரப்பியது.

"வேர் கொண்டாந்தவ நான், நார் கொண்டாந்தவ நான், இது என் வீடு! குட்டையோரம் ஒருத்தர் குந்தியிருக்கார், கூப்பிட்டாலும் வர மாட்டார், ஆனாலும் இது என் வீடு! உள்ள இருக்கிறவங்க இறங்குங்க, இது என் வீடு!"

குட்டைக்கரையில் எல்லோருக்கும் பேச்சு நின்றுபோனது.

"யாரது? இங்க கூட்டம் நடக்குதுல்ல?" என்று எருமை கத்தியது.

"சுருதியே இல்ல," என்றது கீரி.

முயல் நாவல் மரத்தடிக்கு ஓடியது. "அக்கா, நிறுத்துங்கக்கா. அண்ணனுக்கு முதல் இடம் வர்ற நேரம். இந்த ஆல்பம் போட்டியிலேயே இல்ல. நீங்க பாடினா அவர் பேர்தான் கெடும்."

சாம்பலி நிறுத்தவில்லை. முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எடுத்தது. இந்தத் தடவை இன்னும் சத்தமாக, இன்னும் மோசமாக.

பொந்துக்குள் ஆண் மைனா கையிலிருந்த வேலையை விட்டுவிட்டுத் தலையை வெளியே நீட்டியது. பெண் மைனா வாயிலிருந்த வைக்கோலைக் கீழே போட்டது.

"வாங்க போகலாம். இந்த வீட்டுக்கு ஆள் இருக்கு. ரொம்பக் கோபத்துல வேற இருக்கு."

"நல்ல பொந்துடி."

"பொந்து எங்க வேணும்னாலும் கிடைக்கும். தினம் காலையில இதைக் கேட்டுக்கிட்டு யாரால குடியிருக்க முடியும்?"

மைனா ஜோடி வேறு மரம் தேடிப் பறந்து போனது.

குட்டைக்கரையில் எருமை தீர்ப்புச் சொன்னது. போட்டியில் இருப்பவரின் வீட்டிலிருந்து நடுவில் பாட்டு வந்துவிட்டதால் இதுவரை பேசியது எதுவும் செல்லாது. எல்லோரும் முதலிலிருந்து பேச வேண்டும். "ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டது. ஓணான் தலையாட்டியது.

கரிச்சான் வீட்டுக்குப் பறந்தது. மரத்தடியெல்லாம் நாரும் வேரும் இறைந்து கிடந்ததைப் பார்த்ததும் அதற்குக் கொஞ்சம் உறைத்தது. பொந்து வாசலில் சாம்பலி வாயைத் திறந்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"சாம்பலி," என்று ஆரம்பித்தது கரிச்சான்.

"பேசாதீங்க," என்றது சாம்பலி. குரல் கம்மிப்போயிருந்தது. "காலையில நான் பேசினது காதுல விழல. இப்ப எனக்குத் தொண்டை வலிக்குது. கீழ போய் நாரைப் பொறுக்கிக்கிட்டு வாங்க. பொழுது சாயறதுக்குள்ள மெத்தை வேணும்."

கரிச்சான் போனது. ஒவ்வொரு நாராக எடுத்துக்கொண்டு வந்தது. அதுவும் ஒரு வேலை என்று அன்றுதான் அதற்குத் தெரிந்தது. சாம்பலி அதை வாங்கி உள்ளே பரப்பியதே தவிர, புருஷன் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் விடிவதற்குள் பொந்துக்குள் நீலமும் பச்சையும் கலந்த நிறத்தில், பழுப்புப் புள்ளிகளோடு ஒரு முட்டை இருந்தது. கரிச்சான் அதைப் பார்த்துவிட்டு உச்சிக்கிளைக்குப் போய்ப் பாட ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் முயல் மூச்சிரைக்க ஓடிவந்தது.

"அண்ணே, நிறுத்துங்க. இப்ப திரும்ப உங்க பேர்தான் முன்னால நிக்குது. இந்த நேரத்துல பாடிக் கெடுத்துக்காதீங்க."

கரிச்சான் அதைப் பார்க்கக்கூட இல்லை. முழுப் பாட்டையும் பாடி முடித்து, அடுத்ததை எடுத்தது.

முயல் கொஞ்ச நேரம் அண்ணாந்து கேட்டது. பிறகு குட்டைக்குத் திரும்பிப் போய், "அண்ணன் முன்ன மாதிரி இல்ல, மாறிட்டாரு," என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டது. அதைப் பற்றி அவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

நம்மைப் பற்றி நாலு பேர் பேசி முடிக்கட்டும் என்று செய்கிற வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருந்தால், அவர்கள் பேச்சு முடியாது, நம் வீடு போய்விடும்.