சேறு படாத கயிற்று நுனி

முதலில் ஒரு கேள்வி. பதில் சொல்ல அவசரம் வேண்டாம்.

பதினேழு பிள்ளைகள் ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையாக மலை ஏறுகிறார்கள். முன்னால் இருப்பவரிலிருந்து தொடங்கி ஒவ்வொருவராகத் தங்கள் எண்ணைச் சொல்கிறார்கள். பதினெட்டு வரை கேட்கிறது. யாரும் தப்பாக எண்ணவில்லை. யாரும் இரண்டு முறை சொல்லவில்லை.

கடைசியில் நிற்பது யார்?

மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

*

"டீச்சர், எனக்குப் பின்னால யாரோ வர்றாங்க."

பொன்னரசி இதைச் சொன்னது பள்ளியில் சேர்ந்த ஆறாம் நாள். அவளுக்கு வயது பத்து. அவள் அப்பாவுக்கு வேறொரு தேயிலைத் தோட்டத்திலிருந்து இங்கே மாற்றல் ஆகியிருந்தது.

பவளம் டீச்சர் ஈரக் கயிற்றைச் சன்னல் கம்பியில் சுற்றிக் காயவைத்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"வரட்டும்" என்றார்.

*

பள்ளி மலை மேல் இருந்தது. பிள்ளைகளும் டீச்சரும் குடியிருந்தது கீழே. நடுவில் ஓர் ஆள் மட்டும் நடக்கக்கூடிய பாதை. அதன் ஒரு பக்கம் பள்ளம்.

மழைக்காலம் தொடங்கினால் மூன்று மாதம் மூடுபனி. நீட்டிய கை தெரியாது.

அதற்காகத்தான் கயிறு.

புதிதாகச் சேரும் பிள்ளை வீட்டிலிருந்து ஒரு துண்டுக் கயிறு கொண்டுவர வேண்டும். இரண்டு கையையும் விரித்த நீளம். அதை டீச்சர் கடைசிப் பிள்ளையின் துண்டோடு சேர்த்து முடிச்சுப் போடுவார். அந்த முடிச்சுதான் புதுப் பிள்ளையின் இடம். படிப்பு முடிந்து போகிறவர்கள் தங்கள் துண்டை அவிழ்த்து எடுத்துப் போவார்கள்.

மாட்டுக் கயிறு, துணி காயப்போடும் கொடி, முறுக்கிய வேட்டி, சாக்குச் சணல் எல்லாம் அதில் இருந்தன. பொன்னரசி கொண்டுவந்தது நீல நைலான் கயிறு. அதைச் சவரி என்ற பையனின் சணலோடு கட்டினார்கள். சவரி பதினாறு. அவள் பதினேழு.

விதிகள் இரண்டு. ஒவ்வொரு வளைவிலும் நின்று எண்ண வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. ஒருவர் திரும்பினால் கயிறு இழுபட்டு இன்னொருவர் சறுக்குவார்.

எண்ணி முடித்ததும் முன்னால் நிற்கும் டீச்சர் மணி அடிப்பார். மணி அடித்தால்தான் வரிசை நகரும்.

முதல் நாள் முதல் வளைவில் பொன்னரசி "பதினேழு" என்றாள்.

மணி அடிக்கவில்லை.

எல்லோரும் காத்திருந்தார்கள். ஒரு பிள்ளைகூடக் காலை மாற்றி வைக்கவில்லை.

அவள் முதுகுக்குப் பின்னால் "பதினெட்டு" என்று கேட்டது. ஓடி வந்து சேர்ந்ததுபோல் மூச்சு வாங்கிய குரல்.

மணி அடித்தது.

*

வகுப்பில் அவள் தலைகளை எண்ணினாள். பதினேழு. மறுபடி எண்ணினாள். பதினேழு.

சாப்பாட்டு நேரத்தில் சவரியிடம் கேட்டாள். போன வாரம் வரை அது தனக்குப் பின்னால் வந்ததாக அவன் சொன்னான். யார் என்று அவனுக்கும் தெரியாது. ஒரு நாளும் இழுத்ததில்லை, ஒரு நாளும் பேசியதில்லை, எண்ணை மட்டும் சொல்லும் என்றான்.

"உனக்கு ஏன் பயம்? கடைசி ஆளுக்குத்தானே பயம் இருக்கணும்? நீதான் கடைசி இல்லையே."

மற்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துப் பார்த்தாள். சரியாக வரவில்லை.

ஐந்தாம் நாள் விதியை மீறித் திரும்பினாள்.

வெள்ளையாக இருந்தது. அவளுடைய நீலக் கயிறு அந்த வெள்ளைக்குள் நேராகப் போயிற்று. தரையில் இழுபடவில்லை. இடுப்பு உயரத்தில், விறைப்பாக நின்றது.

அன்று மாலை அம்மாவிடம் இனிப் பள்ளிக்குப் போகமாட்டேன் என்றாள்.

அம்மா திட்டவில்லை. போகாவிட்டால் தம்பியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். மூன்று மாதம் போகாத பிள்ளை பிறகு எங்கே போகப்போகிறது என்றும் சொன்னாள். அக்காவுக்கு அப்படித்தான் ஆயிற்று. அக்கா இப்போது அம்மாவோடு இலை பறிக்கிறாள்.

பொன்னரசிக்குப் பள்ளி வேண்டும். அந்தக் குரல் வேண்டாம்.

*

"வரட்டும்னா எப்படி டீச்சர்? யார் அது?"

டீச்சர் கயிற்றின் நுனியைத் தேடி எடுத்து அவள் கையில் வைத்தார்.

"சேறு இருக்கா, பார்."

கயிறு நெடுகச் சேறு இருந்தது. பிள்ளைகள் பிடிக்கிற முடிச்சுகளில் மட்டும் சேறு இல்லை.

யாரும் பிடிக்காத அந்த நுனியிலும் இல்லை.

ஒரு கை பிடிக்கும் அளவுக்குச் சுத்தமாக இருந்தது. மற்ற இடமெல்லாம் சில்லென்று இருக்க, அந்த இடம் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது.

அவள் அதைக் கீழே போட்டாள்.

"எனக்கு வேண்டாம் டீச்சர்."

டீச்சர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு கத்தியை எடுத்தார். பிடியை அவள் பக்கம் திருப்பி நீட்டினார்.

"உன் கயிறு. நீ அறுக்கலாம். முடிச்சை ஒட்டி அறுத்துடு. அப்புறம் அதுக்குப் பிடிச்சுக்க ஒண்ணும் இருக்காது. நாளைக்கு எண்ணிக்கை பதினேழோட நின்னுடும். நான் மணி அடிச்சுடுவேன்."

"கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"மாட்டேன்."

பொன்னரசி நீலக் கயிற்றின் மேல் கத்தியை வைத்து அழுத்தினாள். ஒரு புரி அறுந்தது.

நிறுத்தினாள்.

"அப்புறம் அது எங்கே போகும்?"

டீச்சர் சன்னலுக்கு வெளியே பார்த்தார். பார்க்க ஒன்றும் இல்லை. வெள்ளைதான்.

"பாதை உனக்குத் தெரியும்" என்றார்.

பொன்னரசிக்குப் பாதை தெரியும். பள்ளமும் தெரியும்.

"யாருன்னு தெரிஞ்சா எனக்குப் பயம் இருக்காது டீச்சர்."

"எனக்கும் தெரியாது. நான் இங்கே வந்த வருஷம் பிள்ளைங்க பதினொரு பேர். அப்போ அது பன்னிரண்டுன்னு சொல்லும்."

"எப்பவும் கடைசியாவா?"

"எப்பவும்."

அவள் இன்னொரு புரியில் கத்தியை வைத்தாள்.

"நான் ஒண்ணு கேட்கவா?" என்றார் டீச்சர். "நீ வர்றதுக்கு முந்தின நாள், சவரிக்குப் பின்னால பதினேழுன்னு சொன்னது யார்?"

பொன்னரசி தன் முடிச்சைப் பார்த்தாள். அவள் வரும் வரை அது நின்ற இடம்.

மரப்பலகைச் சுவரில் பனி ஈரமாக வழிந்துகொண்டிருந்தது.  அவள் கத்தியை மேசைமேல் வைத்தாள்.

வாசல் வரை போனவள் நின்றாள்.

"டீச்சர், அதுக்குப் பின்னால யார் இருக்கா?"

டீச்சர் கத்தியை இழுப்பறையில் வைத்து மூடினார். கயிற்றைக் காயவைக்கப் போய்விட்டார்.

*

மறுநாளும் பனி.

பிள்ளைகள் அடிவாரத்தில் கயிற்றைப் பிடித்து நின்றார்கள். பதினாறு பேர் இருந்தார்கள். பதினேழாவது முடிச்சு சும்மா தொங்கியது. அவள் இனி வரமாட்டாள் என்று சவரி முன்னால் நின்றவனிடம் சொல்லிக்கொண்டிருந்தான். மறுபடி அது தன் முதுகுக்கு வந்துவிடும் என்ற கவலை அவனுக்கு.

பொன்னரசி வந்தாள். அம்மாவின் பழைய புடவையைக் கிழித்து முறுக்கிய ஒரு துண்டு அவள் கையில் இருந்தது. இரண்டு கையையும் விரித்த நீளம்.

நீலக் கயிற்றில் அறுந்திருந்த புரியைத் தடவிப் பார்த்தாள். மற்றவை தாங்கும் என்று தெரிந்தது. அதன் நுனியில் புடவைத் துண்டைத் தானே கட்டினாள். இழுத்துப் பார்த்தாள்.

"உன் இடம் இங்கே" என்றான் சவரி.

"தெரியும்" என்றாள்.

முதல் வளைவில் வரிசை நின்றது. எண்ணிக்கை முன்னாலிருந்து வந்தது. சவரி "பதினாறு" என்றான்.

கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. டீச்சர் காத்திருந்தார்.

நீலக் கயிறு மெல்ல மேலே எழுந்தது.

"பதினேழு" என்று கேட்டது. இந்த முறை மூச்சு வாங்கவில்லை.

புடவை முடிச்சைப் பிடித்திருந்த பொன்னரசி, "பதினெட்டு" என்றாள்.