பெரிய வீட்டுக்கு வந்த குடித்தனம்

கோவில்பட்டியில் சோலையப்பனுக்கு ஒன்பது வீடுகள். அதில் பெரிய வீடு இரண்டு வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. எதிரே துணி தேய்க்கும் மாரிக்கனி, சேர்த்துவைத்த பணத்தை நம்பி, "அந்தப் பின்பக்கத்துச் சின்ன வீட்டை எனக்கு விலைக்குத் தருவீங்களா, அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

அவர் தெருவே பார்க்கச் சிரித்தார். "முதல்ல பெரிய வீட்டுக்கு ஆள் கொண்டுவா. சமையல் வாடை கூடாது, தண்ணி செலவு கூடாது, பிள்ளைச் சத்தம் கூடாது, விருந்தாளி கூடாது. அப்படிக் கொண்டுவந்தா, சின்ன வீட்டை நான் வாங்கின விலைக்கே தர்றேன்."

"சரி, அண்ணாச்சி."

மறுநாள் காலை வாசலில் லாரி நின்றது. மாரிக்கனி வாடிக்கையாகச் சேலை தேய்த்துக் கொடுக்கும் ஜவுளிக்கடையின் முதலாளி, வாடகை முன்பணத்தோடு இறங்கினார். பின்னாலேயே, கடையில் வைக்க இடமில்லாத நாற்பது துணிக்கடைப் பொம்மைகள் இறங்கின.

"இதெல்லாம் ஒரு குடித்தனமா?" என்றார் சோலையப்பன்.

"மனுஷங்கன்னா சாப்பிடுவாங்க, குளிப்பாங்க, பிள்ளை பெறுவாங்க. நீங்க சொன்னதுக்கு இவங்கதான் அண்ணாச்சி பொருந்தி வந்தாங்க."

கூடியிருந்த தெரு சிரித்தது. அத்தனை பேர் முன்னால் கொடுத்த வாக்கை அவரால் மீற முடியவில்லை. அந்த வாரமே பத்திரம் பதிவானது.

சின்ன வீட்டில் மாரிக்கனி முதலில் குடிவைத்தது, இரட்டைக் கைக்குழந்தைகளோடு வீடு கிடைக்காமல் அலைந்த ஒரு லாரி டிரைவர் குடும்பத்தை.